கரியும் கடிகாரமும்

சுவீடன் அரச அறிவியல் கழகம் வெளியிட்டுவந்த ஆய்வுத் தொகுதிகளில் 24-ஆவதன் நான்காம் பகுதியாக, 39 பக்கமுள்ள கட்டுரை ஒன்று 1898-இல் அச்சாயிற்று. எழுதியவர் ஸ்டென் லாகர்கிரென். ஏடு சுவீடனுடையது, கட்டுரையின் மொழியோ ஜெர்மன். ஆக்சாலிக் அமிலம், மலோனிக் அமிலம் போன்றவற்றின் கரைசலில் மரக்கரித் தூளை இட்டால், அமிலத்தைக் கரி என்ன வேகத்தில் பற்றிக்கொள்கிறது என்பதை அவர் அளந்திருந்தார். அந்த வேகத்துக்கு எளிய சூத்திரம் ஒன்றையும் தந்திருந்தார்.

சாக்கடையும் சாயக்கழிவும் ஆர்சனிக்கும் அவருடைய பக்கங்களில் இல்லை. ஆயினும் நீர்த்தூய்மை பற்றி இன்று உலகெங்கும் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் ஓயாமல் வருகிறது. பெயர் வருகிறதே தவிர, கட்டுரையைப் படித்தவர் மிகச் சிலரே. தைவானைச் சேர்ந்த ஹோ யு-ஷான் என்னும் ஆய்வாளர், லாகர்கிரெனைச் சுட்டியவர்கள் எவ்வாறு சுட்டினர் என்று தேடி 2004-இல் ஒரு தனிக்கட்டுரையே எழுதினார். தொகுதி எண்ணும் பக்க எண்ணும் ஏட்டின் பெயரும் கட்டுரைக்குக் கட்டுரை மாறிக் கிடந்தன. ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் பகர்த்து, அவரிடமிருந்து மூன்றாமவர் பகர்த்திருந்தார். ஏடு பெயர்த்தெழுதியோரின் கைப்பிழைகள் வழிவழியாக வந்ததைப் பதிப்பாசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கும் நமக்கு இதில் வியப்பு இராது. ஆனால் இங்கே பகர்த்தப்பட்டது மேற்கோள் மட்டுமன்று. ஒரு முடிவும் சேர்ந்தே பகர்த்தப்பட்டது. அம்முடிவின் வரலாறே இக்கட்டுரை.

கரியின் பெருமை

மரக்கரி நீரைத் தெளிவிக்கும் என்பது பழைய அறிவு. கரியும் மணலும் இட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பானைகளை நம்மில் பலர் பள்ளிப் பாடநூலிலாவது கண்டிருப்போம். அறிவியல் அதை முறையாகக் கவனித்தது 18-ஆம் நூற்றாண்டில்தான். வாயுக்களைக் கரி தன்னுள் ஏற்பதை 1773-இல் ஷீலே கண்டார். 1785-இல் ரஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில், மருந்தாளரான டோபியாஸ் லோவிட்ஸ், டார்டாரிக் அமிலப் படிகங்களைச் செய்துகொண்டிருந்தபோது கரைசல் பழுப்பேறுவதால் அல்லலுற்றார். கரித்தூளை இட்டதும் பழுப்பு நீங்கிற்று. அதன்பின் தேன், சாராயம், கப்பல் பீப்பாய்களில் நாறிப்போன தண்ணீர் எனப் பலவற்றிலும் அவர் கரியைச் சோதித்துப் பார்த்தார்.

சர்க்கரை ஆலைகள் இச்செய்தியை விரைவில் கைக்கொண்டன. விலங்கெலும்பைக் கருக்கிச் செய்த கரி, மரக்கரியைக் காட்டிலும் நன்றாக நிறம் நீக்குவதை 1811-இல் பிரான்சின் ஃபிகியே காட்டினார். ஐரோப்பியர் மேசையில் வெள்ளைச் சர்க்கரை வந்தமர்ந்ததில் எலும்புக்கரிக்குப் பெரும் பங்குண்டு.

இந்நிகழ்வுக்கு நூறாண்டுக் காலம் சரியான பெயர் இல்லை. பஞ்சு நீரை உறிஞ்சும்போது நீர் பஞ்சின் உள்ளெங்கும் பரவுகிறது. கரி செய்வது அதுவன்று. பொருள் கரியின் பரப்பில் மட்டும் ஒட்டி நிற்கிறது. கரியின் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் இருப்பதால், அத்துளைச் சுவர்கள் யாவும் பரப்பாகிவிடுகின்றன. ஒரு கிராம் நல்ல கரியின் பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும்; கைப்பிடிக்குள் பல ஏக்கர் அடங்கிவிடும். இவ்வேறுபாட்டைக் குறிக்கும் புதுச்சொல்லை 1881-இல் ஹைன்ரிஷ் கெய்சர் அச்சேற்றினார். சொல்லைப் பரிந்துரைத்தவர் உடலியலறிஞர் டு புவா-ரேமோன். தமிழ்ப் பாடநூல்கள் இதைப் பரப்புக் கவர்தல் என்கின்றன.

எவ்வளவு, எவ்வளவு நேரத்தில்

பரப்புக் கவர்தலைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். கரி இறுதியில் எவ்வளவு பற்றும் என்பது ஒன்று. அந்த இறுதி எவ்வளவு நேரத்தில் வரும் என்பது மற்றொன்று. முதற்கேள்விக்குப் புகழ்பெற்ற விடைகள் விரைவாகவே வந்தன. கரைசலின் செறிவுக்கும் கரி பற்றும் அளவுக்குமுள்ள உறவை 1906-இல் ஹெர்பர்ட் ஃபிராய்ண்ட்லிக் ஆராய்ந்து எழுதினார். யூதக் குருதியுடையவர் என்பதால் 1933-இல் ஜெர்மனியை விட்டு நீங்கி, 1941-இல் அமெரிக்காவின் மினியாபொலிசில் மறைந்தவர் அவர். 1918-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த இர்விங் லாங்மியூர், பரப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்கைகள் உள்ளன, ஒவ்வொன்றிலும் ஒரு மூலக்கூறே அமர முடியும் என்ற படிமத்தைத் தந்தார். 1932-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாம் கேள்வியை முன்பே கேட்டவர் லாகர்கிரென். அவருடைய சூத்திரத்தைக் கணிதக் குறியீடின்றிச் சொல்லலாம். கல்யாணப் பந்தியில் நூறு இலை போட்டிருக்கிறது. கதவு திறந்ததும் கூட்டம் விரைந்து அமர்கிறது. இலைகள் நிரம்ப நிரம்ப அமர்வோரின் வேகம் குறைகிறது. கடைசி நாலைந்து இலைகள் நிரம்ப வெகுநேரமாகிறது. ஒரு நிமிடத்தில் அமர்வோர் எண்ணிக்கை, அந்நேரத்தில் காலியாக உள்ள இலைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கொண்டால் அதுவே லாகர்கிரெனின் விதி. பிற்காலத்தார் இதைப் போலி முதல்வகை என்றழைத்தனர். வேதிவினைகளில் முதல்வகை என்றொரு வகுப்பு உண்டு; இங்கே கணிதத்தின் சாயல் மட்டுமே அதைப் போன்றது என்பதால் "போலி" என்ற முன்னொட்டு. பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

பந்தியில் அமர்வதற்குமுன் விருந்தினர் வேறு சிலவற்றையும் கடந்தாக வேண்டும். மண்டபத்தின் வாசல்வரை வரவேண்டும், குறுகிய நடைவழியைக் கடக்கவேண்டும், அதன்பிறகே இலை. நீரில் கரைந்த நஞ்சுக்கும் இவ்வாறே மூன்று கட்டங்கள். கரித்துகளைச் சுற்றி அசைவற்றுப் போர்த்தியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை முதலில் ஊடுருவ வேண்டும். பிறகு நுண்துளைகளின் வழியே உள்ளே நகரவேண்டும். இறுதியில் துளைச்சுவரில் ஒட்டவேண்டும். இவற்றுள் எது மிகவும் மந்தமோ அதுவே மொத்த வேகத்தையும் முடிவு செய்யும். ஒட்டுவது பெரும்பாலும் நொடிப்பொழுதில் நடந்துவிடும். நடைவழியில் நெரிபடுவதிலேயே காலம் கழியும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கோ இலைகள் நிரம்பும் வேகம் மட்டுமே தெரியும். தாமதம் எங்கே நேர்ந்தது என்பது தெரியாது. இக்கட்டுரையின் சிக்கல் முழுதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

மூச்சும் நுரையும்

காலம் பற்றிய கேள்வியை உயிர்ப்பிரச்சினையாக்கியது முதல் உலகப்போர். 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதன்பிறகு இருதரப்பும் நச்சுவாயுவைக் கையாண்டன. இருதரப்புக்கும் முகமூடி தேவைப்பட்டது. முகமூடியின் நெஞ்சம் கரி. அமெரிக்கர்கள் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கினர். சிரட்டை போதாமல் 1918-இல் பீச் பழக்கொட்டைகளை வீடுவீடாகச் சேகரித்தனர்.

இங்கே, கரி மொத்தத்தில் எவ்வளவு குளோரினைப் பற்றும் என்ற எண்ணால் மட்டும் படைவீரனுக்குப் பயனில்லை. அவன் இழுக்கும் மூச்சு, கரிப்படுகையைக் கடக்க எடுத்துக்கொள்வது ஒரு நொடிக்கும் குறைவு. அதற்குள் நஞ்சு பிடிபட்டாக வேண்டும். கரி சிறிது சிறிதாக நிரம்பி, மறுபுறம் நஞ்சு கசியத் தொடங்கும் கணம் எப்போது என்பதும் தெரியவேண்டும். போஹார்ட், ஆடம்ஸ் ஆகிய இருவர் குளோரினும் கரியும் பற்றிய இத்தகைய கணக்கை 1920-இல் வெளியிட்டனர். போர்க்காலத்து மூச்சுக்கணக்கு பின்னர் நீர்க்கணக்காயிற்று. 1973-இல் ஹட்சின்ஸ் என்பவர் அதைத் திருத்தி எளிதாக்கி, கரி நிரப்பிய நீர்த்தூண்களை வடிவமைக்கும் முறையாக்கினார். இன்றும் அதைக் கையாள்கிறார்கள்.

அடுத்த அறிவு இரண்டாம் உலகப்போரின் விளைவு. அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கப் பிளவுப்பொருள்களைப் பிரித்தெடுக்க அயனிப் பரிமாற்றப் பிசின்களைப் பயன்படுத்தினர். போர் முடிந்தபின், 1947-இல், பாய்டு, ஆடம்சன், மையர்ஸ் மூவரும் அதன் வேகவியலை வெளியிட்டனர். மேலே சொன்ன நீர்ப்படலத் தாமதத்தையும் துகளுக்குள்ளான தாமதத்தையும் தனித்தனியே கணக்கிட்டுப் பிரித்துக் காட்டியது அக்கட்டுரை. தாமதம் எங்கே என்பதற்கு விடைதேடும் வழி அன்று திறந்தது.

1950-களில் அமெரிக்க ஆறுகளில் நுரை பொங்கிற்று. புதிதாக வந்த சலவைத்தூள்களிலிருந்த அல்கைல் பென்சீன் சல்ஃபோனேட் என்னும் பொருளை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியவில்லை. ஹார்வர்டில் ஆய்வு செய்த வால்டர் வெபரும் காரெல் மோரிசும் அப்பொருளைக் கரியால் நீக்க முயன்று, தம் அளவீடுகளை 1963-இல் வெளியிட்டனர். பற்றிய அளவைக் காலத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைத்தது. துளைகளுக்குள் ஊர்ந்து செல்வதே மந்தமான கட்டம் என்பதற்கு அது சான்று. மூலக்கூறுகள் கண்டபடி முட்டிமோதி முன்னேறும்போது, இருமடங்கு தொலைவு செல்ல நான்கு மடங்கு நேரமாகும் என்பது பொதுவான இயற்பியல். நுரைக்குத் தீர்வு வேறு வழியில் வந்தது. 1965-இல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் நுண்ணுயிர்கள் சிதைக்கக்கூடிய வேறொரு பொருளுக்கு மாறினர். வெபர்-மோரிஸ் கோடு மட்டும் நிலைத்துவிட்டது.

நேர்கோட்டின் மயக்கம்

அதன்பின் வந்தது மலிவான பொருள்களின் காலம். தொழிற்சாலைக் கரி விலையுயர்ந்தது. ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே கைக்கெட்டிய கழிவுகளிலெல்லாம் ஆய்வாளர் நாட்டம் சென்றது. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நமசிவாயமும் அவர் மாணவர்களும் 1990-களில் தென்னைநார்க் கழிவு, வாழைத்தண்டு, நிலக்கடலைத் தொலி, ஆரஞ்சுத் தோல் எனப் பலவற்றைக் கொண்டு சாயங்களையும் கன உலோகங்களையும் நீக்கிப் பார்த்தனர். வேகத்தை விளக்க அவர்கள் கையாண்டது லாகர்கிரெனின் சூத்திரம். இத்துறையில் அச்சூத்திரம் உலகளவில் வழக்குக்கு வந்ததில் இந்திய ஆய்வகங்களின் பங்கு பெரிது.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஹோ யு-ஷான், சதுப்புநிலத்துப் பீட் மண் கன உலோகங்களைப் பற்றுவதை ஆராய்ந்தார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு 1995-இல் நிறைவுற்றது. வேகம் காலியிடத்துக்கு அன்று, காலியிடத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதாகக் கொண்டால் அளவீடுகள் நன்கு பொருந்துவதை அவர் கண்டார். இதே வடிவை 1984-இல் பிளான்ஷார் குழுவினர் இயற்கைச் சியோலைட்டுகளுக்கு எழுதியிருந்தனர். ஹோவும் மக்கேயும் 1999-இல் வெளியிட்ட கட்டுரையில், பிறர் முன்பு வெளியிட்ட அளவீடுகளையும் எடுத்து இச்சூத்திரத்தில் இட்டுக் காட்டினர். பெரும்பாலும் பொருந்தின. போலி இரண்டாம்வகை என்ற பெயருடன் அது பரவிற்று. நீர்வேதியியலில் மிகுதியாகச் சுட்டப்படும் கட்டுரைகளுள் ஒன்றாக அது ஆனது.

பரவியதற்குக் காரணம் அதன் எளிமை. காலத்தை, அக்காலம்வரை பற்றிய அளவால் வகுத்து, வந்த எண்ணைக் காலத்துக்கு எதிராக வரையவேண்டும். நேர்கோடு கிடைத்தால் வேலை முடிந்தது. கோடு ஏறக்குறைய எப்போதும் கிடைத்தது. ஆர்-ஸ்கொயர் எனப்படும் பொருத்த எண் 0.99-க்குக் குறைவது அரிது. அத்துடன் ஒரு வாக்கியமும் தொற்றிக்கொண்டது: இரண்டாம்வகை பொருந்துவதால், பற்றுதல் வேதிப்பிணைப்பால் நிகழ்கிறது என்பதே அது. ஹோவும் மக்கேயும் வேதிப்பிணைப்பை ஒரு கருதுகோளாக வைத்திருந்தனர். பின்வந்தோர் அதையே முடிவாக எழுதினர்.

இக்கோடு ஏன் இவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது என்பதைத் தாளும் பென்சிலும் கொண்டே அறியலாம். ஒரு கிராம் கரி, இறுதியில் 10 மில்லிகிராம் சாயத்தைப் பற்றுவதாகக் கொள்வோம். அது லாகர்கிரெனின் விதியை மட்டுமே, சிறிதும் பிசகாமல், நிமிடத்துக்கு 0.1 என்ற மாறிலியுடன் பின்பற்றுவதாகவும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் பற்றிய அளவு 5 நிமிடத்தில் 3.9, 10 நிமிடத்தில் 6.3, 20 நிமிடத்தில் 8.6, 30 நிமிடத்தில் 9.5, 60 நிமிடத்தில் 9.98, 120 நிமிடத்தில் 10.0 மில்லிகிராம். காலத்தை இவ்வளவுகளால் வகுத்தால் முறையே 1.27, 1.58, 2.31, 3.16, 6.02, 12.0 என வரும். இவ்வாறு புள்ளிகளையும் காலத்துக்கு எதிராக வைத்து நேர்கோடு வரைந்தால் பொருத்த எண் 0.998. கரியின் கொள்ளளவு 10.6 என்று அக்கோடு சொல்லும். எள்ளளவும் இரண்டாம்வகை கலவாத எண்களுக்கே, இது இரண்டாம்வகை என்று சூத்திரம் சான்றிதழ் அளித்துவிடுகிறது!

காரணம் மாயமன்று. பற்றுதல் முடிந்தபின் பற்றிய அளவு மாறுவதில்லை. மாறாத எண்ணால் காலத்தை வகுத்து, அதைக் காலத்துக்கே எதிராக வரைந்தால் நேர்கோடன்றி வேறென்ன வரும்? இரண்டு அச்சிலும் காலம் இருக்கிறது; அது தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறது. சமநிலை எட்டிய பிறகும் அளவீட்டை நீட்டிக்கொண்டே போனால் பொருத்தம் மேலும் கூடும். லாகர்கிரெனின் சூத்திரத்துக்கோ இதற்கு நேர்மாறான தொல்லை. இறுதி அளவை முன்கூட்டியே அறிந்து, அதிலிருந்து கழித்து மடக்கை எடுக்கவேண்டும். முடிவை நெருங்க நெருங்கக் கழித்துவரும் எண் சிறுத்து, சிறு அளவீட்டுப்பிழையும் பெரிதாகத் தெரியும். இவ்விரண்டையும் ஒரே தராசில் இட்டு எது சிறந்தது என்று கேட்டால், விடை முன்பே முடிவாகியிருக்கிறது.

இதைச் சொன்னவர்கள் உண்டு. 2004-இல் ஈரானிய வேதியியலாளர் சயீது அசீசியான், லாங்மியூரின் இருக்கைப் படிமத்திலிருந்தே இரு சூத்திரங்களையும் வருவித்தார். தொடக்கத்தில் கரைசலில் மாசு மிகுதியாக இருந்தால் முதல்வகை தோன்றும். குறைவாக இருந்தால் இரண்டாம்வகை தோன்றும். வகை என்பது பொருளின் இயல்பாக இல்லாமல், ஆய்வாளர் குடுவையில் எவ்வளவு மாசை எடுத்தார் என்பதைப் பொறுத்ததாகவும் இருக்கக்கூடும் என்பது இதன் உட்கருத்து. 2016-இல் பிரான்சின் சிமோனின், சமநிலைக்கு அண்மைய அளவீடுகளைச் சேர்ப்பதால் இரண்டாம்வகைக்கு நேரும் சலுகையை விரிவாகக் காட்டினார். 2019-இல் ஹப், அசீசியான், டூவென் மூவரும், இரண்டாம்வகை பொருந்துவதாகச் சொல்லப்படும் பலவற்றில் உண்மையான தாமதம் துளைகளுக்குள் ஊர்வதாகவே இருக்கலாம் என்று எழுதினர். அரை நூற்றாண்டுக்கு முன் பாய்டும் வெபரும் நின்ற இடத்துக்கே விவாதம் சுற்றிவந்து சேர்ந்தது.

கோட்டுக்கு வெளியே ஆறு

இது ஆய்வாளர்களின் உள்வீட்டுச் சண்டை, நமக்கென்ன என்று கேட்கலாம். சூத்திரம் எங்கோ ஓரிடத்தில் குடிநீராக மாறவேண்டும் என்பதால்தான் இது நம் கவலையுமாகிறது.

தாமதம் துளைக்குள் என்றால் துகளைப் பொடியாக்க வேண்டும். நடைவழி குறுகும், நேரம் மிச்சமாகும். தாமதம் வெளிப்படலத்தில் என்றால் நீரின் ஓட்டத்தை மாற்றவேண்டும். தாமதம் உண்மையிலேயே வேதிப்பிணைப்பில் என்றால் பரப்பின் வேதியியலை மாற்றவேண்டும். மூன்று நோய்க்கும் மருந்து வேறு. நோய் எதுவென்று பாராமல் எல்லார்க்கும் ஒரே நோயின் பெயரை எழுதித் தந்தால், மருந்து எவ்வாறு அமையும்? ஆய்வகக் குடுவையில் 24 மணிநேரம் குலுக்கி அளந்த கொள்ளளவு, 5 முதல் 20 நிமிடமே நீர் தங்கிச் செல்லும் கரித்தூணில் கைகொடுக்கும் என்றும் சொல்ல முடியாது.

மேற்கு வங்கத்தை நோக்குவோம். கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல்நோய் மருத்துவர் கே. சி. சாகா, கிணற்றுநீரின் ஆர்சனிக்கால் விளைந்த நோயை அங்கே 1983-இல் கண்டறிந்தார். வங்கதேசத்தின் நிலை இன்னும் கொடியது. கிருமிகளிலிருந்து காக்கவெனத் தோண்டப்பட்ட லட்சக்கணக்கான குழாய்க்கிணறுகள் வழியே நிலத்தடியின் ஆர்சனிக் மக்களைச் சென்றடைந்தது. வரலாற்றில் ஒரு மக்கள்தொகைக்கு நேர்ந்த மிகப்பெரிய நஞ்சூட்டல் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000-இல் எழுதப்பட்டது. தீர்வாகப் பரப்புக் கவரும் பொருள்கள் நிரப்பிய வடிப்பான்கள் வந்தன. மேற்கு வங்கத்தின் பாருய்ப்பூர் வட்டாரத்தில் நிறுவப்பட்டிருந்த, 11 தயாரிப்பாளர்களின் நிலையங்களை ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி குழுவினர் ஈராண்டுகள் தொடர்ந்து அளந்தனர். முடிவு 2005-இல் வெளியாயிற்று. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற உலகச் சுகாதார நிறுவன வரம்புக்குள் ஒரு நிலையமும் தொடர்ந்து நிற்கவில்லை. அன்றைய இந்திய வரம்பான 50 மைக்ரோகிராமுக்குள் இரண்டு மட்டுமே நின்றன.

இத்தோல்வியை வேகவியலின் தலையில் மட்டும் கட்டுவது நேர்மையாகாது. பராமரிப்பின்மை, மணல் அடைப்பு, இரும்புச்சத்து, பொறுப்பேற்பார் இன்மை எனக் காரணங்கள் பல. ஆனால் ஆய்வகத்தில் வடித்தெடுத்த நீரில் ஒற்றை மாசைக் கரைத்து அளந்த எண்களுக்கும் கிணற்றுநீருக்கும் இடையிலுள்ள தொலைவும் அவற்றுள் ஒன்று. கிணற்றில் ஆர்சனிக்குடன் பாஸ்பேட்டும் சிலிக்காவும் அதே இருக்கைகளுக்குப் போட்டியிடுகின்றன. மூன்று இணைதிற ஆர்சனிக் நீரில் மின்சுமையற்று இருப்பதால் எளிதில் பிடிபடுவதுமில்லை. பொருத்த எண் 0.999 என்பதில் இவை எதற்கும் இடமில்லை.

அதே தொலைவு கொங்கு நாட்டிலும் தெரிந்தது. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. 1992-இல் கட்டி முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசன நீருக்குப் பதிலாகக் கழிவுநீரைத் தேக்கியது. கரையோர உழவர்கள் நீதிமன்றப் படியேறினர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அதே காலத்தில், அதே வட்டாரத்தில், சாயத்தை நீக்கும் வழிகளைப் பற்றிக் கட்டுரைகள் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. அவை அரிய உழைப்பின் விளைவுகள். விலை மலிந்த பொருளைக் கொண்டு நீரைக் காக்கலாம் என்ற கனவு இன்றும் மதிக்கத்தக்கது. எனினும் ஆலைகள் இறுதியில் நாடியது எதிர்ச்சவ்வூடுபரவல் சவ்வுகளையும் ஆவியாக்கிகளையும். நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. வயலைக் கொன்றதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்பினுடையது. சாயமேற்றப் பயன்பட்ட உப்பைத் தென்னைநார்க் கழிவோ கரியோ பற்றாது. கேட்ட கேள்விக்குக் குடுவை சரியாகவே விடை சொன்னது. ஆறு கேட்ட கேள்வி வேறு.

இருட்டான பக்கம் மட்டுமே உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். வங்கதேசத்தில் பிறந்த வேதியியலாளர் அபுல் ஹுசாம் வடிவமைத்த சோனோ வடிப்பான், இரும்புத்துகள்களைக் கொண்டு ஆர்சனிக்கைப் பற்றிப் பிடிப்பது. 2007-இல் அமெரிக்கப் பொறியியல் கழகத்தின் பத்து லட்சம் டாலர் பரிசைப் பெற்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் தலப்பில் பிரதீப் குழுவினர் பூச்சிக்கொல்லிகளைப் பற்றும் வெள்ளி நுண்துகள்களிலிருந்து தொடங்கி, ஆர்சனிக்கைப் பற்றும் இரும்பாக்சைடுப் பொருள்கள்வரை சென்று, அவற்றை ஊர்களில் இயங்கும் நிலையங்களாகவும் ஆக்கினர். இத்தகைய முயற்சிகள் உண்மையான கிணற்றுநீரில், உண்மையான ஓட்ட வேகத்தில், மாதக்கணக்கில் பொருளைச் சோதித்துப் பார்த்தன. கோடு அங்கே தொடக்கமாக இருந்தது, முடிவாக இல்லை.

லாகர்கிரென் தம் கரித்தூளை அமிலத்தில் இட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபோது செய்தது எளிய காரியம்: நேரம் ஆக ஆக என்ன நிகழ்கிறது என்று பார்த்தார்; பார்த்ததைச் சுருக்கி எழுதினார். அச்சுருக்கம் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை பின்னால் வந்து ஒட்டியது. நூறாண்டுக்கும் மேலாகச் சுட்டப்பட்டு, நூற்றில் ஒருவராலும் படிக்கப்படாத அக்கட்டுரையை யாரேனும் தமிழில் பெயர்த்தால் நன்று. 39 பக்கங்கள்தாம். ஒரு மனிதர் எதை அளந்தார், எதை அளக்கவில்லை என்பதை நம் மாணவர்கள் அதில் நேராகக் காணலாம். அடுத்த கரித்தூணுக்கு முன்னால் குடத்துடன் நிற்கப்போகிறவர்கள் பொருத்த எண்ணைக் கேட்கப்போவதில்லை. தண்ணீர் நல்ல தண்ணீர்தானா, நாளைக்கும் அப்படியே வருமா என்றே கேட்பார்கள்.